நாவடக்கம்

கொழும்பு கொட்டாஞ்சேனையிலே புனித லூசியாள் பேராலயமும் தீபதுத்தாராமய விகாரையும் ஒன்றுக்கொன்று அதிக தூரமின்றி அமைந்துள்ளன. 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் பலர் மறித்துத் தாக்கினர். பலர் காயமுற்றனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

புனித வாரத்தில் மேளதாளத்துடன் ஊர்வலம் செல்வது பற்றி முன்னரே மனக்கசப்பு இருந்தது. அக்கசப்பின்மேல் ஒரு வதந்தி வந்து விழுந்தது. சிலுவையையும் தேவமாதாவையும் இழிவுபடுத்தும் உருவங்கள் ஊர்வலத்தில் வருகின்றன என்பதே அது. கேட்டவர்கள் ஆராயவில்லை; அடுத்தவர் காதில் ஓதினர்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1873இல், அதே விகாரையைச் சேர்ந்த குணானந்த தேரரும் வெஸ்லியன் போதகர் தாவீது டி சில்வாவும் பாணந்துறையில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் சமயவாதம் புரிந்தனர். சொற்கள் கடுமையாயினும் கலகம் விளையவில்லை. அங்கே சொன்னவர் இன்னார் என்பது தெரியும். மறுமொழி கூறவும் எதிராளிக்கு இடமிருந்தது. வதந்திக்கோ முகமுமில்லை, மறுமொழியுமில்லை.

ஆகவே, நாவடக்கம் என்பது வாய்மூடியிருத்தல் அன்று. குற்றஞ் செய்த சகோதரனிடம் முதலில் தனித்துச் சென்று பேசும்படி மத்தேயு சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசுபிரான் போதிக்கிறார். பேசாதே என்பதல்ல, உரியவரிடம் பேசு என்பதே அக்கட்டளை. நாவை யாக்கோபு தம் நிருபத்தில் நெருப்புக்கு ஒப்பிடுகிறார். வள்ளுவரும் புறங்கூறாமைக்கெனத் தனியதிகாரமே வகுத்தார்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கலியாணப் பேச்சை எண்ணிப் பாருங்கள். பிள்ளை வீட்டார் வந்து அயலவரிடம் விசாரிக்கின்றனர். அறிந்த உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. அறியாததைக் குறிப்பாற் காட்டுதலோ ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிடும். கண்டதைக் கண்டதென்றும், கேட்டதை உறுதியில்லை என்றும் சொல்வதே கிறிஸ்தவனுக்குரிய நெறி.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, அதே வட்டாரத்திலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திற் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். பழிவாங்கற்க, பொறுமை காக்க என்று மல்கம் ரஞ்சித் ஆண்டகை வேண்டினார். ஆயினும் மறுமாதமே சிலாபத்தில் முகநூலில் எழுதப்பட்ட சில சொற்களாற் பதற்றம் மூண்டது. வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அன்று வதந்தி தெருத்தெருவாய் நடந்து சென்றது. இன்றோ கைத்தொலைபேசியில் நொடியிற் பறக்கிறது.

பிறரைப் பற்றிப் பேசுமுன், அவர் இங்கே நின்றால் இதே சொல்லை இதே குரலிற் சொல்வோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். மனம் தயங்கினால் நாவும் தயங்கட்டும்.