ஓடுபாதைக்கு மேலே திசை மாறும் காற்று

சிறிது தூரத்துக்குள் காற்றின் வேகமோ திசையோ சட்டென்று மாறுவதை விமானத்துறையில் ‘விண்ட் ஷியர்’ என்கிறார்கள். வெகு உயரத்தில் நேர்ந்தால் பெரும்பாலும் பயணிகளைக் குலுக்குவதோடு போய்விடும். தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் நேர்ந்தால், சமாளிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இவற்றில் மிகக் கொடியது மைக்ரோபர்ஸ்ட். இடிமேகத்திலிருந்து குளிர்ந்து கனத்த காற்று நேர்கீழாகக் கொட்டி, தரையில் மோதி, நாலாபுறமும் விரிகிறது. பரப்பு 4 கிலோமீட்டருக்குள்தான். ஆயுளும் சில நிமிடங்களே. உள்ளே நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று வலுக்கிறது. வேகமானி ஏறுகிறது, விமானமும் மேலே தூக்கப்படுகிறது. எல்லாம் தேவைக்கு மேல் இருப்பதாகத் தோன்றவே, விமானி எஞ்சின் விசையைக் குறைக்கிறார். ஏமாறுவது அங்கேதான். அடுத்த நொடிகளில் மேலிருந்து காற்று அழுத்துகிறது; அதைத் தாண்டினால் பின்காற்று. எஞ்சின் தணிந்திருக்கும் நேரம் பார்த்து வேகமும் உயரமும் சேர்ந்தே சரிகின்றன.

1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸில் இறங்க வந்த டெல்டா 191 விமானத்துக்கு நேர்ந்தது இதுவே. 173 நாட் (விமான வேகத்தின் அலகு) வரை ஏறிய வேகம் 119 நாட்டுக்கு விழுந்தது. 137 பேர் இறந்தனர். இத்தனைக்கும், 1975இல் நியூயார்க்கில் நடந்த விமான விபத்தை ஆராய்ந்தபோதே இப்படி ஒரு காற்று உண்டு என்று வானிலை ஆய்வாளர் டெட் ஃபுஜிடா சொல்லியிருந்தார். சக வானிலையாளர் பலர் நம்பவில்லை. ஆனால், நாகசாகியின் அணுகுண்டு அழிவை நேரில் ஆராய்ந்தவர் அவர். அங்கே கண்டதைப் போல ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்த மரங்கள், மேலிருந்து வந்து தரையில் விரிந்த காற்றைச் சொல்கின்றன என்பது அவருக்குத் தெரியும்.

இன்று பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் டாப்ளர் ரேடாரும், விமானத்தின் மூக்கிலேயே முன்கூட்டி எச்சரிக்கும் ரேடாரும் உண்டு. ஆனாலும் விமானிக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம் விலகி நிற்பதே. ஓடுபாதை அருகே இடிமேகம் நின்றால் புறப்படாமல் காத்திருக்கலாம். இறங்க வேண்டியவர் வானில் வட்டமிடலாம், வேறு ஊருக்கும் போகலாம். கால தாமதத்துக்குப் பயணிகள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

சிக்கிக்கொண்டால் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மூக்கைச் சுமார் 15 பாகை உயர்த்த வேண்டும். வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்துவதே கைப்பழக்கம். தரைக்கு அருகில் அது உயிரைப் பறிக்கும். சக்கரங்களையும் இறக்கை மடிப்புகளையும் தொடக்கூடாது: சக்கரங்களை உள்ளிழுக்கக் கதவு திறந்தால் காற்றின் தடை கூடும், மடிப்பை உள்ளிழுத்தால் தூக்குவிசை குறையும். ஆபத்தைக் கடந்து மேலேறியதும், எந்த உயரத்தில் எத்தனை நாட் கூடியது, எத்தனை குறைந்தது என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிற விமானம் அதைக் கேட்டே முடிவெடுக்கும்.