ஒரே மண்ணுக்கு மூன்று வாக்குறுதி

ஒரே சரக்குக்கு மூன்று பேரிடம் அட்வான்ஸ் வாங்குகிறவனை பஜாரில் என்ன சொல்வோம்? முதல் உலகப் போரில் அரபு மண்ணை வைத்து பிரிட்டன் செய்ததும் அதுதான்.

1915 அக்டோபரில் மக்கா ஷரீஃப் ஹுஸைனுக்கு மக்மஹோன் கடிதம் எழுதினார்: அரபுகளின் சுதந்திரத்தை ஆதரிப்போம் என்று. இரண்டே மாதத்தில், டிசம்பரில், லண்டனில் பிரதமர் ஆஸ்க்வித் முன்னால் மார்க் சைக்ஸ் வரைபடத்தை விரித்தார். பாலஸ்தீனத்து அக்கா துறைமுகத்திலிருந்து இராக்கின் கிர்குக் வரை ஒரு கோடு! வடக்கே பிரான்சுக்கு, தெற்கே பிரிட்டனுக்கு. 1916 மே மாதம் பிரான்சின் ஜார்ஜ் பிக்கோவுடன் பேசி முடித்த ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. இது தெரியாத ஷரீஃப், ஜூனில் துருக்கிக்கு எதிராக வாளெடுத்தார்.

1917 நவம்பரில் பால்ஃபர் பிரகடனம், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் என்றது. அதற்கும் சைக்ஸ் ஓடியாடி உழைத்தார். அதே மாதம் ரஷ்யப் புரட்சி அரசு ரகசிய ஒப்பந்தத்தைப் பத்திரிகையில் போட்டு உடைத்தது.

இன்றைய எல்லையெல்லாம் அவர் கோடுதான் என்பார்கள், அது சரியல்ல. பிரான்சின் பங்கில் இருந்த மோசுல் பின்னர் பிரிட்டன் கைக்கு மாறியது. 1920ல் சான் ரெமோவில் மறுபடி பங்கு பிரித்தார்கள்.

அதைப் பார்க்க சைக்ஸ் இல்லை. சமாதான மாநாட்டுக்காக பாரிஸ் போனவர், 1919 பிப்ரவரி 16 அன்று விஷக் காய்ச்சலில் ஓட்டல் அறையிலேயே இறந்தார். வயது 39.