சிறிய காரும் கூரிய வளைவும்

அமெரிக்காவில் வெறுமையான கார் நிறுத்துமிடங்களில் கூம்புகளை வரிசையாக வைத்து, நேரம் கணித்து ஒவ்வொரு காராக ஓட்டும் பந்தயத்தை ஆட்டோகிராஸ் என்பர். ஹோண்டா சிவிக் போன்ற முன்சக்கர இயக்கக் காருக்கு அங்கே ஒரு பிடிவாதம் உண்டு, நேயர்களே! திருப்பினாலும் நேரே செல்லவே முனையும். இழுப்பதும் திரும்புவதும் முன் டயர்களின் பொறுப்பாகிவிடுவதே காரணம். முன் வில்களை இறுக்கினால் நோய் பெரும்பாலும் முற்றும். பொழுதுபோக்காக ஓட்டுவோர் பின்புறத்தில் சாய்வைத் தடுக்கும் எஃகுத் தண்டையே தடித்ததாக மாற்றுவர். வளைவில் பின்சுமை வெளிச்சக்கரத்துக்குப் பெயர்ந்து, பின்பிடிப்புச் சற்றுத் தளர, முகப்பு உள்ளே திரும்பும். 20 மில்லிமீட்டர்த் தண்டை 22 ஆக்கினாலே விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும். விட்டத்தின் நான்காம் அடுக்குக் கணக்கு அது. மிகையானால் வண்டியின் பின்புறம் சுழன்று கூம்பைச் சாய்க்கும். சாய்ந்த கூம்பு ஒன்றுக்கு 2 விநாடி தண்டம். இத்தனை பாடுபட்டுத் தேடுவதோ அரை விநாடி ஆதாயம்!