மலையும் மனமும்



சென்ற கோடையில் நம் காலனியார் பொன்முடிக்குப் போய் வந்தது நினைவிருக்கும். 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மூடுபனியில் நின்றபோது, ஒரு மாதமாக நம்மை வாட்டிய தலைவலி இருந்த இடம் தெரியவில்லை. இறங்கி வரும்போது, முடிக்காத மாதக் கணக்கு நினைவுக்கு வந்தது. தலைவலியும் பின்னாலேயே வந்தது!

கவலை மூண்டால், சிறுநீரகங்களின்மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு அது துணை. நாற்காலியில் அமர்ந்திருக்கும் குமாஸ்தா எங்கே ஓடுவான்?

பெரிய அதிகாரிகளுக்கே மாரடைப்பு மிகுதி என்பர். லண்டனில் 1967-இல் அரசாங்க ஊழியரிடையே தொடங்கிய ஆய்வு வேறு கதை சொல்லிற்று. இதய நோயால் மாண்டவர் விகிதம், மேல்நிலையாரைவிடக் கடைநிலை ஊழியரிடையே ஏறத்தாழ 3 மடங்கு. புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வேற்றுமை முழுதும் நீங்கவில்லை. 1985-இல் தொடங்கிய அடுத்த ஆய்வு, தம் வேலையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையின்மையையும் ஒரு காரணமாகக் காட்டிற்று. குமாஸ்தாக்களாகிய நமக்கு இது புதிய செய்தியா?

ஆயினும் பழியெல்லாம் மனத்துக்கே உரியதன்று. கவலையால் வருவதாகக் கருதப்பட்ட வயிற்றுப்புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிருமியே காரணம் என்பதற்கு வழி காட்டியது, ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் 1982-இல் செய்த ஆராய்ச்சி. ஆகவே மருத்துவரிடமும் போனோம். இரத்த அழுத்தத்துக்கு அவர் தந்த மாத்திரையை விழுங்கி வருகிறோம். இரவுச் சாப்பாட்டின்போது அலுவலகப் பேச்சு கூடாது என்ற விதியும் வீட்டில் வந்துவிட்டது. விதித்தவர் நம் இல்லத்தரசியார். மீறினால் இலைக்கு ரசம் வராது.