நண்பர் வினவிய மூன்று நூல்கள்

(விழா மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நண்பர் இருவர் சந்தித்தால் பேசுவதற்குப் பொருள் பல உண்டு. அவற்றுள் நூலைப் பற்றிய பேச்சு ஒன்று. ‘இதைப் படித்தீரா, அதைப் படித்தீரா’ என்று ஒருவர் கேட்பார். படித்ததாகவோ படிக்கவில்லை என்றோ மற்றவர் விடை சொல்வார். பெரும்பாலும் அத்தோடு அப்பேச்சு முடிந்துபோகும். ஆனால் 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நிகழ்ந்த அத்தகைய பேச்சு ஒன்று அத்தோடு முடியவில்லை. அப்பேச்சின் பயனை இன்று தமிழ் கற்போர் அனைவரும் துய்க்கின்றனர். சமணக் குடும்பங்களுக்கு அதில் தனிப் பங்கு உண்டு என்பதால் அதனை இவ்வவையில் விரித்துரைப்பது பொருந்தும்.

உ.வே. சாமிநாத ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்டவர். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அவ்வாண்டின் தொடக்கத்தில் அமர்ந்தவர். (தம் பதவிக்குத் தகுந்தவரைத் தாமே தேடிப் பிடித்து அமர்த்திவிட்டு விலகும் ஆசிரியர்கள் எக்காலத்தும் அரியர்.) சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அந்நகருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார். ஆங்கிலக் கல்வியும் தமிழார்வமும் ஒருங்கே வாய்ந்தவர். பின்னாளில், 1885இல், இந்தியர்களின் குறைகளை ஆங்கில மக்களிடம் எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் அவரும் ஒருவர். அவரைக் காணுமாறு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியனுப்ப, ஐயர் ஒரு வியாழக்கிழமை அவர் இல்லத்திற்குச் சென்றார்.

அன்று நாள் 21-10-1880.

முதலியார் யாரிடம் படித்தீர் என்று வினவினார். மகாவித்துவானின் பெயரைக் கேட்டாலே எழுந்து நின்று மதிப்போர் நிறைந்திருந்த காலம் அது. முன்சீபின் முகத்திலோ அத்தகைய மாறுதல் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்து, என்னென்ன நூல்கள் படித்தீர் என்றார். ஐயர் அந்தாதிகளில் தொடங்கினார். பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், கலம்பகங்கள் எனப் பட்டியல் நீண்டது. இவற்றைப் படித்து என்ன பயன் என்பதே முதலியாரின் மறுமொழியாக இருந்தது. புராணங்களைச் சொன்னார், மேலும் சிறந்தவை எனத் தாம் கருதியவற்றையும் சொன்னார், கேட்டவர் நிறைவடையவில்லை. இறுதியில் முதலியார் தாமே மூன்று பெயர்களைச் சொன்னார்: சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம்.

அவற்றை ஐயர் படித்ததில்லை. படிப்பதற்குப் புத்தகமும் கிடைத்ததில்லை. இதனை அவருடைய குறையாகக் கொள்ளலாகாது. அக்காலத் தமிழ்க் கல்வியின் எல்லையே அவ்வளவுதான். சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை மட்டும் பவர் என்னும் பாதிரியார் 1868இல் அச்சிட்டிருந்தார். மற்ற இலம்பகங்கள் அனைத்தும் ஏடுகளிலேயே கிடந்தன.

மனம் நொந்து திரும்பியிருந்தால் வியப்பதற்கில்லை. புத்தகம் கிடைத்தால் படிப்பேன் என்று ஐயர் சொன்னார். முதலியாரும் தம்மிடமிருந்த கையெழுத்துப் படியைக் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல், அதனைத் தமக்குப் பாடம் சொல்லுமாறும் கேட்டுக்கொண்டார். பரிந்துரைத்தவரே மாணவராகவும் அமர்ந்தார். ஒரு நூலை ‘நல்ல நூல்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அதனைக் கையிலே கொடுத்து, உடன் அமர்ந்து, பக்கம் பக்கமாகப் படிக்கச் செய்வது நட்பின் வேறொரு படிநிலை.

இடர் அதன் பிறகே தொடங்கிற்று. நச்சினார்க்கினியரின் உரை இருந்தும் நூல் எளிதில் வசப்படவில்லை. உரையாசிரியர் பெயர் சுட்டாமல் எடுத்தாளும் மேற்கோள்கள் எந்நூலில் உள்ளவை என்றே தெரியவில்லை. அதனினும் பெரிய தடை சமயம். சைவச் சூழலில் தமிழ் கற்றவருக்குச் ‘சித்தர்’ என்ற சொல் மலைக்குகையில் வாழும் யோகியரை நினைவூட்டும்; சிந்தாமணியின் கடவுள் வாழ்த்தோ, எண்வினையும் கெடுத்து உலகின் உச்சியில் நிலைபெற்ற சித்த பரமேட்டியைப் போற்றித் தொடங்குகிறது. காதி வினை, அகாதி வினை, கேவல ஞானம், சமவசரணம் ஆகிய சொற்களை அகராதியைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள இயலாது. நூலின் போக்கும் அவ்வாறே. காந்தருவதத்தையார், குணமாலையார், பதுமையார் என்று மகளிர் பெயரிட்ட இலம்பகங்களை மட்டும் நோக்கினால் இது வெறும் மணநூலாகவே தோன்றும். பதின்மூன்றாவது இலம்பகமான முத்தியிலே நின்று பின்னோக்கிப் பார்ப்பவருக்கே அத்திருமணங்களெல்லாம் எதை நோக்கிச் சென்றன என்பது புலனாகும். அவ்வாறு பார்க்கப் பழகியவர் யார்?

அவர்கள் தொலைவில் இல்லை. கும்பகோணத்திலேயே இருந்தனர். சமணர் அந்நகரில் வாழ்வதை அறிந்து, ஐயர் அவர்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் என்னும் அன்பரின் நட்பு கிடைத்தது. ஒரு நாள் சென்றபோது வீட்டு வாயிலில் கோலமும் தோரணமும் பொலிந்தன. என்ன விசேடம் என்று கேட்டார். அங்கு நடந்துவந்த சிந்தாமணி படனம் அன்று நிறைவேறியது, அதற்காகவே அந்த விழா என்று விடை வந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். கல்லூரித் தமிழாசிரியருக்குக் கண்ணாலும் காணக் கிடைக்காதிருந்த நூல், ஆதீனங்களின் பாடத்திலும் இடம்பெறாத நூல், அதே ஊரில் ஓர் இல்லத்தில் முறையாகப் படிக்கப்பட்டு, பொருள் சொல்லப்பட்டு, முற்றுப்பெற்ற நாளில் கோலமிட்டுக் கொண்டாடப்பட்டது. அவர்கள் இதனை ஆராய்ச்சி என்று கருதவில்லை. தந்தை படிக்கக் கேட்டதை மகன் படித்தான். அடுக்களையில் இருந்தவாறே பெண்கள் கேட்டனர். இன்று பல சமண இல்லங்களில் சுவடியும் பழம்பதிப்பும் அலமாரியில் பட்டுத் துணி சுற்றிப் பூசைக்கு மட்டும் வெளிவருகின்றன. அன்று அது பூசைக்குரியதாகவும் இருந்தது, வாய்விட்டுப் படிப்பதற்குரியதாகவும் இருந்தது.

ஐயர் தம் ஐயங்களை அங்கே கொண்டுசென்றார். சமண நூல்கள் பலவும் அவர்கள் வழியே அறிமுகமாயின. வீடூர் அப்பாசாமி நயினார் போன்ற சமணப் புலவர்களும் அவருக்கு உதவினர். பிற சமயத்தார் ஒருவர் இத்துணை ஆர்வத்தோடு கேட்பதைக் கண்டு, அவரைப் ‘பவ்விய ஜீவன்’ என்று அவ்வீட்டைச் சேர்ந்த ஒருவர் சொன்னதும் உண்டு. வீடுபேற்றுக்குரிய பக்குவம் வாய்ந்த உயிர் என்பது அதன் பொருள். அந்தணரான தமக்கு ஒரு சமணர் இல்லத்தில் கிடைத்த அச்சொல்லை ஐயர் முதுமையிலும் மறக்கவில்லை. நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், அவர்களிடம் நூல்களைக் கற்றுத் திரும்ப எழுதினார் என்றொரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது மெய்யாயினும் அன்றாயினும், அதே வழியில் நடந்த இன்னொருவரை 1880களின் கும்பகோணம் கண்டது.

சமண நூலைச் சைவ மடத்தின் அன்புக்குரியவர் பதிப்பிப்பதா என்று குறைகூறியவர்களும் இல்லாமற் போகவில்லை. அவர்களைப் பற்றி நீளப் பேசுவதால் பயனில்லை. 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக வெளிவந்தது.

ஒரு நூல் இன்னொரு நூலுக்கு வழிகாட்டுவது உண்டு. சிந்தாமணி உரையின் பெயரறியா மேற்கோள்களைத் தேடிய தேடலே ஐயரைச் சங்க நூல்களிடம் கொண்டுசேர்த்தது. 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் அச்சேறின. இடையே 1892இல் சிலப்பதிகாரம் வந்தது. மணிமேகலை மட்டும் காத்திருந்தது. அதற்குரிய பௌத்தக் குடும்பம் கும்பகோணத்தில் எத்தெருவிலும் இல்லை. படனமும் இல்லை, கோலமும் இல்லை. அங்கும் நட்பே கைகொடுத்தது. அதே கல்லூரியில் ஆசிரியராயிருந்த மளூர் ரங்காசாரியர் பௌத்தத்தைப் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து, அவற்றின் பொருளை ஐயருக்கு எடுத்துரைத்தார். ஒருவர் ஆங்கிலம் அறியார். மற்றவர் அதனை அறிவார். இருவர் நடுவே ஒரு தமிழ்க் காப்பியம் திறந்து கிடந்தது. சமணர் தம் நூலை வீட்டிலே காத்துவந்தமையால் ஐயருக்கு நேர்ந்த உதவி எத்தகையது என்பதை, அவ்வுதவி கிடைக்காத மணிமேகலையின் பாடு காட்டுகிறது. 1898இல் அதுவும் வெளிவந்தது.

முன்சீப் வினவிய மூன்று நூல்களும் பதினெட்டு ஆண்டுகளில் தமிழர் கைக்கு வந்துவிட்டன. ஐயர் 1940இல், எண்பத்தைந்தாம் வயதை எட்டும் வேளையில், ‘என் சரித்திரம்’ என்னும் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சந்திப்பைக் கிழமையோடும் நாளோடும் அதில் குறித்தார். தம்மிடம் என்ன பயன் என்று கேட்டவரை நன்றியோடு நினைந்தார். வாயிலில் கோலமிட்டிருந்த அவ்வீட்டையும் நினைந்தார். 1942இல் அவர் மறைந்தபோது அவ்வரலாறு முற்றுப்பெறவில்லை. மணிமேகலைப் பதிப்புக்குச் சற்றுப் பின்வரையில் வந்து நின்றுவிட்டது.