உள்ளத்தின் காவலாளிகள்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மனநலம் பற்றிப் பேச அழைத்த நிர்வாகிகள், குடும்பப் பிணக்குகளுக்குப் பயன்படும்படியாகப் பேசுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பொருத்தமான ஒரு சிகிச்சை முறையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

"ஒரு மனம் போ என்கிறது, ஒரு மனம் வேண்டாம் என்கிறது" என்று நாம் அன்றாடம் பேசுகிறோம். அப்படிப் பேசுபவரை யாரும் நோயாளியாகக் கருதுவதில்லை. ஒரே உள்ளத்தில் பல குரல்கள் இருப்பது இயல்பு என்பது நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. இந்த எளிய உண்மையைச் சிகிச்சையின் அடித்தளமாக ஆக்கியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ்.

1980களின் தொடக்கத்தில் அவர் சிகாகோ நகரில் குடும்பநல சிகிச்சையாளராகப் பணியாற்றிவந்தார். குடும்பத்தில் யார் யாருடன் மோதுகிறார், யார் யாருக்கு அரணாக நிற்கிறார் என்பதைக் கண்டறிந்து அந்த உறவுகளைச் சீர்செய்தால், தனிமனிதரின் துன்பமும் தீரும் என்பது அவர் கற்ற பாடம். அளவுக்கு மீறி உண்டு, பின்னர் தாமே வாந்தியெடுத்து வெளியேற்றும் 'புலிமியா' என்னும் நோயுற்றவர்களிடம் அந்தப் பாடம் முழுமையாகப் பலிக்கவில்லை. குடும்பம் சீரான பின்னரும் சிலருக்கு நோய் நீடித்தது. காரணத்தை அவர்களிடமே கேட்டார். தமக்குள் ஒரு கூறு தம்மை ஓயாது இழித்துரைப்பதாகவும், அதைக் கேட்டு மற்றொரு கூறு ஒன்றுக்கும் உதவாதவளாய்ச் சுருங்கிவிடுவதாகவும், அந்த வேதனையை மறக்கடிக்க இன்னொரு கூறு உணவின் மீது பாய்வதாகவும் அவர்கள் விளக்கினர். வெளியே குடும்பங்களில் அவர் கண்டுவந்த அதே மோதல் உள்ளேயும் நடந்துகொண்டிருந்தது! 'இன்டெர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்' என்று அவர் இதற்குப் பெயரிட்டதன் காரணம் இதுதான். அகக் குடும்ப முறை என்று நாம் சொல்லலாம்.

ஆனால் தொடக்கத்தில் அந்தக் கூறுகளை அவர் பகைவர்களாகவே நடத்தினார். அவரே பிற்காலத்தில் பலமுறை கூறிய ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஓர் இளம்பெண் தன் உடலைத் தானே கீறிக்கொள்ளும் வழக்கமுடையவள். அவ்வாறு செய்யத் தூண்டும் கூறுடன் இரண்டு மணி நேரம் வாதாடி, இந்த வாரம் கீறமாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். அடுத்த முறை அவள் முகத்திலேயே பெரிய வெட்டுக் காயத்துடன் வந்தாள். அவர் மனமுடைந்து, தம்மால் அதை வெல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த நொடியில் அக்கூற்றின் போக்கு மாறியது; அவரை வெல்வது தன் நோக்கமன்று என்றது. பிறகுதான் அவருக்கு உண்மையான ஆவலுடன், ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்கத் தோன்றியது. கொடுமை நடந்த நாட்களில் அவளது கவனத்தை உடலிலிருந்து அப்பால் கொண்டுசெல்லவும், வெளிப்பட்டால் மேலும் ஆபத்தை வரவழைக்கக்கூடிய சினத்தை அடக்கவும் அதற்குத் தெரிந்த வழி அதுவொன்றே. அதாவது, அது அவளைக் காத்துவந்த காவலாளி. ஆபத்து நீங்கிப் பல்லாண்டுகள் ஆன செய்தி அதற்கு எட்டவேயில்லை.

இம்முறையின் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன். அவர் 2021இல் வெளியிட்ட நூலுக்கு இட்ட தலைப்பும், கெட்ட கூறு என்று எதுவும் இல்லை என்ற பொருளுடையதே.

கூறுகளை இம்முறை மூவகையாகப் பார்க்கிறது. அவமானம், அச்சம், கைவிடப்பட்ட உணர்வு ஆகியவற்றைச் சுமந்து உள்ளறையில் ஒதுக்கப்பட்டிருப்பவை ஒரு வகை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தவை. அந்தக் கதவு திறந்துவிடாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்பவை மேலாளர்கள்: ஓயாத உழைப்பு, குறைகாணல், எல்லோரையும் திருப்திப்படுத்த முனைதல் எல்லாம் இவர்கள் வேலை. அதையும் மீறிக் கதவு திறந்துவிட்டால் ஓடிவருபவர்கள் தீயணைப்போர். தீயை அணைப்பதற்காக வீட்டையே உடைக்கவும் தயங்காதவர்கள். வெறிகொண்ட கோபம், போதை, விடியும்வரை செல்பேசி. இவையனைத்திற்கும் அப்பால், காயம்படாத 'சுயம்' ஒன்று ஒவ்வொருவரிடமும் உண்டு என்றும், அமைதி, இரக்கம், அறியும் ஆவல், துணிவு முதலியவை அதன் இயல்புகள் என்றும் ஷ்வார்ட்ஸ் கூறுகிறார். (நஃப்ஸைப் பற்றி நம் ஆலிம்கள் விளக்குவதும் இதுவும் ஒன்றா என்று கேட்கிறார்கள். அது மார்க்கக் கல்வி, இது சிகிச்சை முறை. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சிகிச்சையின்போது ஒரு கூற்றை உடலில் எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்பார்கள். நெஞ்சிலா, தொண்டையிலா? பிறகு, அதன்மீது உங்களுக்கு என்ன உணர்வு என்று கேட்பார்கள். "அதை வெறுக்கிறேன்" என்று விடை வந்தால், பேசுவது சுயமன்று, இன்னொரு கூறு. அதைச் சற்று விலகி நிற்க வேண்டுவார்கள். உண்மையான அக்கறை பிறந்த பின்னரே, இந்த வேலையை நீ விட்டுவிட்டால் என்ன நேரும் என்று அஞ்சுகிறாய் என அந்தக் காவலாளியிடம் கேட்பார்கள். அதன் விடைதான் உள்ளறையில் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும். காவலாளியின் அனுமதியின்றி அங்கே நுழைவதில்லை என்பது கண்டிப்பான விதி.

இனி நம் விசாரணைப் பாய்க்கு வருவோம். கணவர் குரலுயர்த்துகிறார், மனைவி வாய்மூடிக்கொள்கிறார். அவரது மௌனம் கணவருக்கு அவமதிப்பாகப் படுகிறது. கணவரின் குரல் மனைவிக்குப் பழைய அச்சத்தை எழுப்புகிறது. ஒருவர் கத்தக் கத்த மற்றவர் மேலும் இறுகுகிறார். மோதிக்கொள்பவர்கள் இரண்டு காவலாளிகள். யாருக்காகக் காவல் நிற்கிறார்களோ அவ்விருவரும் வாயே திறக்கவில்லை. நாமோ எந்தக் காவலாளி சொல்வது நியாயம் என்று தீர்ப்பளித்து அனுப்பிவிடுகிறோம். மூன்றே மாதங்களில் அதே விவகாரம் திரும்பி வருவதில் வியப்பென்ன?

இம்முறை தம்பதியருக்குக் கற்பிக்கும் பயிற்சி, கூறாக நின்று பேசாமல் கூற்றின் சார்பில் பேசுவது. "நீ என்னை மதிப்பதேயில்லை" என்பது கோபமே பேசுவது. "நீ பதில் சொல்லாதபோது என்னுள் ஒன்று கொதிக்கிறது, அதற்கு அடியில், நான் வேண்டாதவனாகிவிட்டேனோ என்ற பயம் இருக்கிறது" என்பது அதன் சார்பில் பேசுவது. முதலாவதற்குத் தற்காப்பைத் தவிர வேறு விடை கிடையாது. இரண்டாவதைக் கேட்டால் எதிரே இருப்பவரின் காவலாளியும் சற்றே கையைத் தளர்த்துவார். எழுதிவைத்து ஒப்பிப்பதால் இது வராது; பேசுமுன் தன் பயத்தைத் தானே கண்டிருக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். அடித்தது என் ஒரு கூறுதான், நானல்லன் என்று தப்பித்துக்கொள்ள இதில் இடமில்லை. அடித்த கை அவருடையது. அத்தகைய வீட்டில் முதலில் வேண்டியது பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. இருவரையும் ஒரே பாயில் அமர்த்தி, அனுசரித்துப் போங்கள் என்பதன்று. அடுத்து, இல்லாத ஆட்களின் குரல் காதில் கேட்பதும், யாரோ சதி செய்வதாக உறுதியாக நம்புவதும் வேறு நோய். அவற்றுக்கு மனநல மருத்துவரும் மருந்தும் வேண்டும். ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அதற்காக மருத்துவரிடம் செல்வதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இம்முறைக்கான ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவே. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகள் 79 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. இம்முறையில் பயின்ற குழுவினருக்கு வலியும் மனச்சோர்வும் குறைந்ததாகவும், தம்மீது தாம் கொள்ளும் பரிவு கூடியதாகவும் அதில் கண்டார்கள். ஊக்கம் தரும் முடிவுதான். எனினும் சிறிய ஆய்வு. பதற்ற நோய்க்கும் மனச்சோர்வுக்கும் எண்ணப் போக்கை மாற்றும் சிகிச்சைகளுக்கு இதைவிடப் பன்மடங்கு சான்றுகள் உண்டு. ஆழமான கொடுமைக்கு ஆளானவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் தாமாகவே இதில் இறங்க வேண்டாம். பயிற்சி பெறாதவர் உள்ளறையைத் திறந்தால் மூடத் தெரியாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அங்கே இந்த முறையில்தான் ஆலோசனை கிடைக்கும் என்பதில்லை. முதல் வாசலாக அது போதும்.

பெண்கள் பகுதியிலிருந்து கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பெயர் எதையும் வாசிக்காமல், ஒவ்வொன்றாக விடையளிக்கிறேன்.