தீபாவளி முற்பணம்

ஐப்பசியிலே கம்பளை நகரப் புடைவைக் கடைகளில் திரளும் கூட்டத்தைக் காண்போர், மலைத் தோட்டங்களில் செல்வம் பெருகியதென எண்ணக்கூடும். தொழிலாளர் கையிலிருப்பது தீபாவளி முற்பணம், தானமன்று, கடன். பண்டிகை கழிந்தபின் மாதந்தோறும் சம்பளத்தில் அது பிடித்துக்கொள்ளப்படும். அக்கடனும் செக்ரோலில் பெயருள்ளோர்க்கே உண்டு.

கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டிக்கோ அதுவுமில்லை. 2023ஆம் ஆண்டு சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்த 'அஸ்வெசும' உதவியையே அவள் நாடவேண்டும். அதற்கு வீடு, சொத்து, உடல்நலம், கல்வியென 22 அளவுகோல்கள்! தகுதியிருந்தும் விடுபட்டோர் முறையீடு செய்யலாம். எழுத்தறியாதவள் எவ்வாறு செய்வாள்? கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வரும் பேரப்பிள்ளைகள், புதுச் சேலையோடு அம்முறையீட்டையும் எழுதி, உடபலாத்த பிரதேச செயலகத்தில் சேர்ப்பித்துச் செல்லலாமே.